அகவிலைப்படி யாருக்கு?

என் சித்தப்பா மகன் எனக்கு ஆறு மாதம் இளையவன். இருவருமே 2012இல் ஓய்வு பெற்றோம். நான் கருவூலத்துறை, கடைசியாக வேலை பார்த்தது சிதம்பரம் சார்நிலைக் கருவூலத்தில். அவன் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் கொதிகலன் பிரிவில் இருந்தான். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே எங்கள் இருவர் ஓய்வூதியத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. அரசு வேலைக்கும் தனியார் வேலைக்கும் சம்பளத்தில், சலுகையில் வித்தியாசம் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் அந்த இடைவெளி வளர்ந்த விதம்தான் என்னை எழுத வைக்கிறது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பிழைப்பே அதுதானே. 2012 மே மாதம் என் அடிப்படை ஓய்வூதியம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அகவிலைப்படி 65 விழுக்காடு. ஆக, கைக்கு வந்தது 165. பிறகு ஊதியக் குழு வந்தது. 2016 ஜனவரியை அடிப்படையாக வைத்து, பழைய ஓய்வூதியத்தை 2.57ஆல் பெருக்கினார்கள். 100 என்பது 257 ஆனது. அதன்மேல் மீண்டும் அகவிலைப்படி ஏறத் தொடங்கி, 2025 ஜூலைக் கணக்கில் 58 விழுக்காட்டுக்கு வந்தது. இப்போது 406. ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியதற்கான கம்யூட்டேஷன் பிடித்தம் நீங்கலாகச் சொல்கிறேன். 165 வாங்கியவன் 406 வாங்குகிறேன். ஏறக்குறைய இரண்டரை மடங்கு. இதற்காக நான் ஒரு மனு எழுதியதில்லை, ஒரு நாளும் போய் வரிசையில் நின்றதில்லை.

அவன் கணக்கு இன்னும் சுருக்கம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995 நவம்பரில் வந்தது. ஓய்வூதியத்துக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அவன் ஓய்வு பெற்றபோது சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். கொதிகலன் முன்னால் நின்று அவன் அதைவிட எவ்வளவு வாங்கியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் 6,500தான். 17 ஆண்டுச் சேவை. 6,500ஐ 17ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 1,578 ரூபாய் சொச்சம். 1995க்கு முந்தைய சேவைக்கென்று ஒரு சிறு தொகை சேர்ந்தது. எல்லாம் கூட்டியும் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. இன்றைக்கும் அதே தொகைதான் வருகிறது, பைசா மாறாமல்.

“உனக்கென்னண்ணே, ஜனவரி வந்தா டி.ஏ., ஜூலை வந்தா டி.ஏ.” என்பான். பொறாமையில் சொல்வதில்லை. மழை பெய்வதைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொல்வான். எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

தமிழ்நாட்டில் ஓய்வூதியம் என்று பேச்செடுத்தால் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கேள்விதான் எழுகிறது: பழைய திட்டமா, புதிய திட்டமா? நான் கருவூலத்தில் இருந்தபோது அதன் தொடக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2003 ஆகஸ்ட் 6 தேதியிட்ட நிதித்துறை அரசாணை 259, அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றது. ஊழியர் சம்பளத்தில் பத்து விழுக்காடு, அரசு அதே அளவு, இரண்டும் சேர்த்து ஒரு கணக்கு. மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் தேசிய ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது பெரும்பாலான மாநிலங்கள் காலப்போக்கில் அதில் சேர்ந்தன. தமிழ்நாடு சேரவில்லை. பணத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பக்கமும் பேசலாம். பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் ஊழியர் பணம் போகாமல் இருந்தது ஒரு நன்மை என்பேன். ஆனால் ஓய்வு பெறுகிறவருக்கோ இறந்துபோனவர் குடும்பத்துக்கோ அந்தப் பணத்தைக் கணக்கு முடித்துக் கொடுப்பதற்கான வழிமுறை 2016இல்தான் வந்தது. மாதாமாதம் என்று எதுவும் இல்லை. மொத்தமாக ஒரு தொகை, அதோடு சரி.

குழுக்கள் வந்தன. 2016இல் அமைக்கப்பட்ட குழுவின் அறிக்கை 2018 நவம்பரில் அரசிடம் போனது. 2021 தேர்தலில் பழைய திட்டம் திரும்ப வரும் என்ற வாக்குறுதி வந்தது. 2025 தொடக்கத்தில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் இன்னொரு குழு. கடைசியில் 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஊழியர் பத்து விழுக்காடு செலுத்துவார். கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக உறுதி. பற்றாக்குறையை அரசு ஏற்கும். ஆண்டுக்கு இரு முறை அகவிலைப்படி. ஓய்வூதிய நிதியத்துக்கு முதலில் ஒரு முறை 13,000 கோடி ரூபாய், பிறகு ஆண்டுதோறும் சுமார் 11,000 கோடி ரூபாய் அரசின் பங்காகத் தேவைப்படும் என்று அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது.

என் கருத்தைக் கேட்டால், இந்த ஏற்பாடு நியாயமானது. பழைய திட்டத்தில் வாழ்கிற எனக்கு இன்னொருவருக்கு அது கூடாது என்று சொல்ல வாய் வராது. எனினும் பழைய திட்டத்தை அப்படியே தூக்கிக் கொண்டுவருவதில் உள்ள ஆபத்தையும் மறைக்கக் கூடாது. எல்லா மாநிலங்களும் பழைய திட்டத்துக்குத் திரும்பினால் அரசுகளின் மொத்தச் சுமை புதிய திட்டத்தைப்போல நாலரை மடங்கு வரை போகலாம் என்று 2023இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆய்வு கணித்தது. ராஜஸ்தானும் பஞ்சாபும் அந்த வழியில் போக முடிவெடுத்தன. நிதியம் என்று ஒன்றை முன்கூட்டியே ஒதுக்கிவைக்காமல் ஓய்வூதியம் கொடுப்பது, பேரன் பெயரில் கடன் எழுதி வைப்பதற்குச் சமம். ஊழியரும் கொஞ்சம் போட்டு, அரசும் போட்டு, உத்தரவாதமும் தருகிற நடுவழி அதைவிட மேல்.

ஆனால் இத்தனை பேச்சும் ஆறேழு லட்சம் குடும்பங்களைப் பற்றியது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் போகிற யாரும் மற்றவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியிருப்பவர்கள் என்னைப் போன்றவர்கள். எங்களுக்குச் சங்கம் உண்டு, பத்திரிகைச் செய்தி உண்டு. பழைய நகரைத் தாண்டினால் சிப்காட். அங்கே நிரந்தரத் தொழிலாளிக்கு என் தம்பியின் கணக்கு. ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் பி.எஃப். எண்ணும் மாறி, பத்தாண்டுச் சேவையைக் காட்டுவதற்குள் தலை நரைத்துவிடும். பத்தாண்டு இல்லையென்றால் மாத ஓய்வூதியமே இல்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்குப் பி.எஃப். என்ற சொல்லே வேற்றூர்ச் சொல். கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கரையில் வலை பின்னுகிற கிழவருக்கும் அப்படியே. அண்ணாமலைநகரில் இறங்கினால் வேறொரு கதை: 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கி, 2013இல் அரசு சட்டமியற்றி அதை எடுத்துக்கொண்டது. மிகுதியாக இருந்த ஊழியர்கள் மாநிலமெங்கும் அரசு அலுவலகங்களுக்குப் பணி நிரவலில் போனார்கள். ஓய்வுக்காலப் பணப்பலன் கேட்டு அங்கே ஓய்வு பெற்றவர்கள் போராடியதையும் சிதம்பரத்தார் பார்த்திருக்கிறார்கள். அரசுச் சட்டத்தின் நிழலில் இருப்பவர்களுக்கே இந்த நிலை.

இந்த வழித்தடத்தில் ஓய்வூதியம் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது ‘ஓ.ஏ.பி. பணம்’ ஒன்றுதான். முதியோர் உதவித்தொகை. இப்போது மாதம் 1,200 ரூபாய். அறுபது வயதாகி, ஆதரவற்றவர் என்று காட்டி, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மனு கொடுத்து, விசாரணை முடிந்து ஆணை வர வேண்டும். 80 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். அந்த 200 பத்தாண்டுகளுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. மீதியை மாநிலம் போடுகிறது. இது தமிழ்நாட்டின் பெருமைதான், மறுக்கவில்லை. எத்தனையோ மாநிலங்களில் இதில் பாதிகூட இல்லை.

இந்த உதவித்தொகை சென்னை மாநிலத்தில் தொடங்கியது 1962 ஏப்ரலில். காமராஜர் முதலமைச்சர். மாதம் 20 ரூபாய். இருபதிலிருந்து ஆயிரத்து இருநூறு, அறுபது மடங்கு என்று மேடையில் சொன்னால் கைதட்டு விழும். கருவூலக்காரனுக்கு உடனே குறியீட்டு எண் நினைவுக்கு வந்துவிடும். எங்கள் அகவிலைப்படி, தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துத்தான் போடப்படுகிறது. 1960ஐ 100 என்று வைத்துத் தொடங்கிய அந்தக் குறியீடு அடிப்படை ஆண்டு மாறும்போதெல்லாம் ஓர் இணைப்பு எண்ணால் தொடரும்: 1982க்கு 4.93, 2001க்கு 4.63, 2016க்கு 2.88. மூன்றையும் பெருக்கினால் 65 மடங்குக்கு மேல். 2016ஐ 100 என்று வைத்த குறியீடு 2025இல் 145ஐத் தாண்டிவிட்டது. அதையும் சேர்த்தால் 95 மடங்கு வருகிறது. 1960க்கும் 62க்கும் இடையே ஏறிய விலையைக் கழித்தாலும் காமராஜர் காலத்து 20 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 1,800 ரூபாய்.

அதாவது, அறுபது ஆண்டுக்கு முன்னால் ஒரு ஏழை மாநிலம் ஒரு கிழவிக்குக் கொடுத்ததைவிட இன்றைய தமிழ்நாடு கொடுப்பது மூன்றில் ஒரு பங்கு குறைவு. அன்று வாங்கியவர்கள் சிலரே, இன்று சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குவோர் 30 லட்சத்துக்கும் மேல் என்பதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேர்மையாகாது. ஆள் எண்ணிக்கையை விரித்தோம், பாராட்ட வேண்டியது. தொகையைக் கரைய விட்டோம். இடையில் 2011இல் ஜெயலலிதா அதை 500இலிருந்து 1,000 ஆக்கினார். அந்த ஆயிரத்துக்கு இன்றைய ஈடு 2,100க்குக் குறையாது. தொழிலாளர் ஓய்வூதியத்தில் 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று நிர்ணயித்தார்கள். இன்று அதற்கு 1,650 வேண்டும். வருவதோ அதே ஆயிரம்.

விலை ஏறும்போது ஏறாத ஓய்வூதியம், ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்படுகிற ஓய்வூதியம். யாரும் கையெழுத்துப் போடாமல், எந்த அரசாணையும் இல்லாமல் நடக்கிற வெட்டு என்பதால் எதிர்ப்பும் எழுவதில்லை. கொரோனாக் காலத்தில் எங்கள் அகவிலைப்படியை நிறுத்தி வைத்தபோது சங்கங்கள் எப்படிக் கொதித்தன என்பது எனக்குத் தெரியும், நானும் கொதித்தேன். அந்த இடைக்காலம் எங்களுக்கு வந்தது போனது. மற்றவர்களுக்கு அது ஆயுள் முழுக்க.

உழைக்கிற காலத்திலேயே சேர்த்து வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. படித்தவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருந்தவர்கள் சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கைவிட்டாலும் மரம் கைவிடாது என்று இருந்தவர்களை எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அறுபதைத் தாண்டியவன் புதிதாகப் பலாக்கன்று நட்டு எப்போது காய் பறிப்பது?

அடல் ஓய்வூதியத் திட்டம் 2015இல் வந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்தால் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும், அறுபதில் மாதம் 5,000 என்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு அந்த 5,000 கிடைக்க இன்னும் 42 ஆண்டு இருக்கிறது. கடந்த 42 ஆண்டில் விலைவாசி எங்கே போனது என்பதை மேலே சொன்ன இணைப்பு எண்களே காட்டும். அப்போது அந்த 5,000 எத்தனை நாளுக்கு அரிசி வாங்கும்? உத்தரவாதம் ரூபாய்க்குத்தான், அரிசிக்கு இல்லை.

ஏழைகளுக்குச் சேமிக்கத் தெரியாது என்பதும் பொய். மீனவர் சேமிப்பு, நிவாரணத் திட்டத்தைப் பாருங்கள். மீனவர் 1,500 ரூபாய் கட்டுகிறார். மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கு 1,500 போடுகின்றன. மீன் கிடைக்காத மாதங்களில் 4,500 ஆகத் திரும்பி வருகிறது. தேவனாம்பட்டினத்தில் இதற்குப் பணம் கட்டச் சொல்லி யாரும் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. போட்ட பணம் கண்ணெதிரே திரும்புகிறது, அரசும் கூடப் போடுகிறது. மாதவருமானம் நிச்சயமில்லாதவனுக்கு முப்பது நாற்பது ஆண்டுக்குப் பணத்தைக் கட்டிப்போடு என்று புத்தி சொல்வதில் பயனில்லை. அவனுடைய முதுமைக்கு வரிப்பணத்திலிருந்து ஓர் அடித்தளம் போட வேண்டும். அதற்கு மேல் அவன் சேர்ப்பது அவன் திறமை.

தேவனாம்பட்டினம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே கெடிலம் கழிமுகத்தருகே இடிந்து கிடக்கிற புனித டேவிட் கோட்டைக்கு 1756இல் பொறுப்பேற்று வந்தவர் ராபர்ட் கிளைவ். வங்காளத்து மீர் ஜாபர் தனக்கு எழுதி வைத்த ஐந்து லட்சம் ரூபாயைக் கொண்டு 1770இல் அவர் ஒரு நிதியம் அமைத்தார், கம்பெனியின் ஊனமுற்ற சிப்பாய்களுக்கும் விதவைகளுக்கும் ஓய்வூதியம் தர. பணம் யாருடையது என்று கேட்கக் கூடாது. ஆளுகிறவனுக்குச் சேவை செய்தவனுக்கே ஓய்வூதியம் என்ற எண்ணத்துக்கு இந்நாட்டில் அவ்வளவு வயது. 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை இல்லை, உரிமை என்று சொன்னது. அந்த நாளை நாங்கள் ஆண்டுதோறும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம், மாலை போடுகிறோம், வடை சாப்பிடுகிறோம். ஆனால் அந்த உரிமையின் வட்டம் மஞ்சக்குப்பத்தைத் தாண்டவில்லை.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். நேபாளம் நம்மைவிட ஏழை நாடு. 1994-95இல் அங்கே எழுபத்தைந்து வயதானவர்களுக்கு மாதம் நூறு ரூபாய் என்று தொடங்கினார்கள். இன்று 68 வயதானால் மாதம் 4,000 நேபாள ரூபாய். நம் பணத்தில் 2,500. ஆதரவற்றவரா என்று விசாரிப்பதில்லை. தமிழ்நாட்டில் இன்றைய 1,200ஐ 1962இன் மதிப்பான 1,800 ஆக்க ஆளுக்கு 600 கூடுதல். முப்பது லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 2,160 கோடி ரூபாய் ஆகிறது. சிறு தொகை என்று சொல்லமாட்டேன். ஊழியர் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் ஒதுக்கத் துணிந்த 11,000 கோடியில் ஐந்தில் ஒரு பங்கு அது. அதற்கு மனம் வந்த அரசுக்கு இதற்கும் வர வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது: அந்த 200 ரூபாய் இன்னும் எத்தனை காலம்? தொழிலாளர் ஓய்வூதியத்துக்கு விலைப்படி இல்லாதது ஏன்?

காலமும் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2021இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு; கேரளத்துக்கு அடுத்து நாம். 2031இல் 18.2 ஆகும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட கணிப்பு. நூற்றில் பதினெட்டுப் பேர். அவர்களில் பெரும்பாலோர் சிப்காட்டிலும் வயலிலும் படகிலும் கட்டட வேலையிலும் இருந்தவர்கள்.

1,800 ஆக்குவது ஒரு முறை செய்கிற வேலை. மறுபடி கரையாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அதற்குப் புதுக்குழு தேவையில்லை, ஆய்வும் தேவையில்லை. எங்களுக்கு அகவிலைப்படி உயர்த்தி நிதித்துறை அரசாணை போடுகிற அதே நாளில், அதே விழுக்காட்டில், முதியோர் உதவித்தொகைக்கும் ஓர் ஆணை போடட்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் கெஞ்ச வேண்டாதபடி அதைச் சட்டமாகவே எழுதட்டும். எங்கள் ஓய்வூதியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும் என்று என் சக ஓய்வூதியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று விழுக்காடு உயர்வு என்றால் இன்றைய 1,200க்கு 36 ரூபாய். முப்பது லட்சம் பேருக்கு மாதம் 10 கோடியே 80 லட்சம்.